கண்டிச் சீமைக்குப் போன உறவுகள்

உங்கள் பாட்டனாரின் தந்தை பெயர் என்ன என்று கேட்டால் உங்களில் பலர் விடை சொல்லக்கூடும். அவர் எந்த ஊரில் பிறந்தார் என்று கேட்டால் சற்றுத் தயங்குவீர்கள். அதற்குச் சான்று காட்டுக என்றால் பெரும்பாலோர் கையை விரிப்பீர்கள். நானும் அவ்வாறே விரிப்பேன். சான்று இல்லாததால் நமக்கு இன்றுவரை யாதொரு நட்டமும் நேரவில்லை. ஆகையால் அதைப் பற்றி நாம் நினைப்பதும் இல்லை. ஆனால் ஓர் அரசாங்கம் அந்தச் சான்றைக் கேட்டு, காட்ட இயலாதவர்களைப் பார்த்து, "இந்த நாடு உங்களுடையதன்று" என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? அப்படி ஒன்று கடலுக்கு அப்பால், ஏறத்தாழ இருபது மைல் தொலைவில், தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து சென்றவர்களுக்கு நேர்ந்தது. இலங்கையின் மலையகத் தமிழரைத்தான் சொல்லுகிறேன்.

அவர்கள் கதைக்குள் போவதற்கு முன்பு, அவர்களைவிட நெடுந்தூரம் சென்றவர்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தைச் சென்று சேர்ந்தது. அதில் இருந்தவர்கள் 342 பேர். அன்று தொடங்கி 1911 வரையில் நேட்டால் நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கும் பிற வேலைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் தொகை 1,52,184. இந்த எண் இவ்வளவு துல்லியமாக நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இட்டு, ஏட்டில் எழுதி வைத்ததுதான். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள மச்சம் அல்லது தழும்பு ஆகிய இத்தனையும் கப்பற் பட்டியல்களில் உண்டு. மோரீசுத் தீவில் 1860களின் பிற்பகுதியிலிருந்து, ஒப்பந்தம் முடிந்தவர்களைப் படம் பிடித்து அனுமதிச் சீட்டில் ஒட்டியும் வைத்தார்கள்.

இவை அன்பினால் எழுதப்பட்ட ஏடுகள் அல்ல. ஆள் ஓடிப்போனால் அடையாளங்கண்டு பிடித்து வருவதற்காக எழுதப்பட்டவை. ஆயினும் ஆண்டானின் கணக்குப் புத்தகமே இன்று பேரப்பிள்ளைகளின் குடும்பப் புத்தகமாக இருக்கிறது. டர்பனில் வாழும் ஒருவர் தம் முன்னோரின் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால், அவர் ஏறிய கப்பலின் பெயரையும், ஊரின் பெயரையும் அந்த வரியிலேயே படித்துவிடலாம். படிப்பதற்குத் தமிழ்க் காது மட்டும் வேண்டும். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அவை. கவுண்டர் என்பது அங்கே 'கோவெண்டர்' ஆயிற்று. முதலியார் 'மூட்லி' ஆனார். ஊர்ப் பெயர்களுக்கு நேர்ந்த கதியைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வரியை வாய்விட்டு நாலைந்து முறை படித்துப் பார்த்தால்தான் உள்ளே ஒளிந்திருக்கும் தமிழ் ஊர் வெளியே வரும்.

இனி இலங்கைக்கு வருவோம். கண்டிச் சீமையில் காப்பிப் பயிர் 1820களில் தொடங்கி வளர்ந்தது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, தஞ்சை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் பாம்பனுக்கும் நடந்து சென்று, தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை மீண்டும் நடந்தார்கள். அந்த வழியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையானவர்கள் மிகப் பலர். 2023ஆம் ஆண்டில் அவர்கள் நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தே சென்றார்கள்.

காப்பிக் காலத்தில் சென்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பழம் பறிக்கும் பருவத்துக்குப் போய், பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869இல் காப்பி இலையில் நோய் கண்டது. சில ஆண்டுகளுக்குள் காப்பி அழிந்து அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. இந்த மாற்றத்தைப் பயிர் மாற்றமாக மட்டும் கருதிவிடக் கூடாது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். அதுவும் பெண்கள் வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாகப் போனார்கள். போனவர்கள் லயங்களில் தங்கினார்கள். பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள். ஊருக்கு ஆண்டுதோறும் வந்தவர்கள், கலியாணத்துக்கும் கருமாதிக்கும் மட்டும் வரலாயினர். பிறகு அதற்கும் வர இயலாமற் போயிற்று.

இவர்களுக்குக் கப்பற் பட்டியல் இல்லை. நேட்டாலுக்குப் போனவர் அரசாங்கத்தின் ஏட்டில் கையொப்பமோ கைரேகையோ வைத்துப் போனார். கண்டிக்குப் போனவர் கங்காணியின் பின்னால் போனார். கங்காணி யார்? பெரும்பாலும் அதே ஊர்க்காரர். பல வேளைகளில் சித்தப்பனோ மாமனோ ஆவார். முன்பணம் கொடுத்து, ஊராரையும் உறவினரையும் கூட்டிக்கொண்டு போய்த் தோட்டத்தில் சேர்த்தார். உறவுக்காரன் கூட்டிப் போகும்போது யார் பெயர் எழுதுவார்கள்?

எழுதப்பட்ட தாள் ஒன்றே ஒன்று இருந்தது. அதற்குத் 'துண்டு' என்று பெயர். ஒரு கங்காணியும் அவருடைய கூட்டமும் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. 1921இல் சட்டம் அதை ஒழித்தது. அதில் இருந்தது கடன் தொகை, குலமுறை அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு வழக்கமும் வந்தது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த சிறு தகரத் தகட்டைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள், எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று வழியில் தெரிந்துகொள்வதற்காக. 'சரக்கு' என்று நான் சொல்வது கடுமையாகப் படலாம்; மூட்டைக்கும் மனிதனுக்கும் ஒரே வகையான சீட்டுக் கட்டினால் வேறு என்ன சொல்வது?

ஏடு இல்லையே தவிர, உறவு இருந்தது. தூரம் குறைவாக இருந்தபடியால் ஊருக்கும் தோட்டத்துக்கும் செய்தி போய்க்கொண்டே இருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து மீண்டும் ரயில் என்று வழி எளிதாயிற்று. ஊருக்குப் போகிறவர் ஒருவர் கையில் பத்துக் குடும்பத்துச் செய்தி போகும். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் கணக்கப்பிள்ளையையோ பள்ளி ஆசிரியரையோ கெஞ்சி எழுதுவித்தார்கள். நலம், நலமறிய அவா என்று தொடங்கி, மாடு கன்று ஈன்றதா, மழை உண்டா, இளையவளுக்கு வரன் பார்த்தீர்களா என்று கேட்டு, அனுப்பிய மணியார்டர் வந்து சேர்ந்ததா என்று முடியும் அக்கடிதங்கள். நல்ல செய்தியானால் தாளின் மூலைகளில் மஞ்சள் தடவி இருப்பார்கள். சாவுக் கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துப் போட்டுவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. வரலாறு எழுதப் புகுபவனுக்கு இதைப் போன்ற இடையூறு வேறில்லை. எந்த ஆண்டு யார் இறந்தார் என்பதைச் சொல்லக்கூடிய தாள்களே முதலில் அழிந்துபோயின.

இந்த நிலையில்தான் 1948 வந்தது. இலங்கை விடுதலை பெற்ற அதே ஆண்டில் அந்நாட்டின் பாராளுமன்றம் குடியுரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. 1948 நவம்பர் 15க்கு முன்பு இலங்கையில் பிறந்த ஒருவர் வமிசாவழியால் குடிமகனாக வேண்டுமானால், அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தாம் அந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது. பிறப்புப் பதிவு அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது என்றாலும், லயத்தில் பிறந்த குழந்தையின் பெயரைப் பதிவு செய்யத் தோட்டம் தாண்டிப் போனவர்கள் எத்தனை பேர்? தந்தையின் பிறப்புச் சான்று இல்லாத சிங்களக் குடியானவரும் யாழ்ப்பாணத்துக் குடியானவரும் இருந்தனர். ஆனால் அவர்களை யாரும் அதைக் காட்டும்படி கேட்கவில்லை.

1946ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இலங்கையில் 'இந்தியத் தமிழர்' என்று எண்ணப்பட்டோர் 7,80,589 பேர். மொத்த மக்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் என்று கொள்ளலாம். இவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே சட்டத்தால் நாடற்றவர் ஆயினர். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. அவ்வாண்டிலேயே, இந்திய, பாகிஸ்தானிய வமிசத்தினர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்று மற்றொரு சட்டம் வந்தது. அதற்கு வேண்டியது இடைவிடாது வாழ்ந்ததற்கான சான்று: மணமானவர்க்கு 7 ஆண்டு, மணமாகாதவர்க்கு 10 ஆண்டு. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் எழுதப்பட்டன. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

விசாரணையில் கேட்கப்பட்ட கேள்விகளை எண்ணிப் பாருங்கள். ஊருக்குப் போய் எத்தனை மாதம் தங்கினீர்? ஓராண்டுக்கு மேல் தங்கியிருந்தால் தொடர்பு அறுந்தது. மனைவி எங்கே இருந்தாள்? பிள்ளைகள் எங்கே? ஊருக்குப் பணம் அனுப்பியதுண்டா? அனுப்பியிருந்தால், இவருடைய மனம் இந்தியாவில் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளமாகக் கொள்ளப்பட்டதுண்டு. நோயுற்ற தாய்க்கு அனுப்பிய பத்து ரூபாய் மணியார்டர் ரசீதை ஒருவர் பத்திரமாக வைத்திருந்தால் அது அவருக்குக் கேடாக முடியும். தோட்டத்துச் செக்றோலில் தம் பெயர் இருக்கும் பக்கத்தைக் காட்டாவிட்டால் அதுவும் கேடு. உறவினரோடு செய்தி பரிமாறிக்கொண்டதே ஒரு குற்றம்போல ஆகிவிட்ட நிலையை உலக வரலாற்றில் நான் அதிகம் கண்டதில்லை.

பெயரிடும் வழக்கமும் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. 'பேரன்' என்ற சொல் 'பெயரன்' என்பதன் திரிபு. பாட்டனாரின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். முத்துசாமியின் மகன் இராமன். அவன் மகன் மீண்டும் முத்துசாமி. குலமுறை தேடுகிறவனுக்கு இது ஒரு வகையில் உதவி. ஒரு பெயர் தெரிந்தால் இரண்டு தலைமுறை தெரியும். ஆனால் வீட்டில் மூத்தவர் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று மருமக்கள் அப்பிள்ளையை வேறு பெயரால் கூப்பிடுவார்கள். அழைக்கும் பெயர் ஒன்று, செக்றோலில் ஒன்று, பிறப்புச் சான்றில் மற்றொன்று என்றானபோது, மூன்று தாளையும் பார்த்த அதிகாரி மூன்று மனிதர்கள் என்று முடிவு கட்டினால் அவரை என்ன சொல்வது!

1964 அக்டோபர் 30ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாடற்றவர் 9,75,000 பேர் என்று மதிப்பிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்பது என்று பிரித்தார்கள். அந்த மீதியை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். பங்கிடப்பட்டவர்களை யாரும் கலந்து பேசவில்லை. ஒரே வீட்டில் தகப்பனுக்கு இந்தியக் குடியுரிமை, மணமாகித் தனி விண்ணப்பம் போட்ட மகனுக்கு இலங்கைக் குடியுரிமை என்று வந்தது. அக்காள் ஒரு கரையில், தங்கை ஒரு கரையில்.

மலைநாட்டில் ரயிலைக் 'கோச்சி' என்பார்கள். இந்தியாவுக்குப் போகிறவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மக்கள் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'. இந்தப் பெயரை எந்தக் கால அட்டவணையிலும் காண முடியாது. ஆனால் மலையக மக்களிடையே அது இன்றும் வழங்குகிறது.

ஒப்பந்தம் ஆகி இரண்டு மாதங்களுக்குள், 1964 டிசம்பரில், புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பிறகு கப்பல் இராமேசுவரத்துக்கு வந்தது. மண்டபம் முகாமில் குடும்ப அட்டை வாங்கிக்கொண்டு நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகத்திலும் பிற மாநிலங்களிலும் பரவினார்கள். சிலர் 1968 முதல் நீலகிரியில் அமைக்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். சிலர் கேரளத்துக்கும் கன்னட நாட்டுக்கும் ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனார்கள். மற்றும் சிலர் பாட்டன் பெயரையும் ஊர்ப் பெயரையும் சொல்லிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள்.

அங்கே என்ன நடந்தது? ஊர் இருந்தது, உறவும் ஓரளவு இருந்தது, நிலம் இல்லை. எண்பது ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்த பங்காளியின் பேரன் திடீரென்று வாசலில் நின்றால், முதல் நாள் விருந்து உண்டு. மறுநாள் பாகம் கேட்பானோ என்ற அச்சமும் உண்டு. ஊரார் அவர்களைச் 'சிலோன்காரர்' என்றே அழைத்தார்கள். இதைச் சொல்லும்போது ஊராரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வறண்ட நிலத்தில் ஏற்கெனவே நாலு பேர் உண்ணும் இடத்தில் ஆறு பேர் என்றால் யாருக்கும் கலக்கம் வரும். ஆயினும் அங்கே இந்தியக்காரர், இங்கே சிலோன்காரர் என்று இரண்டு கரையிலும் அயலாரான அந்த மக்களின் மனநிலை நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

இப்போது கடிதங்கள் எதிர்த்திசையில் போகத் தொடங்கின. முன்பு தோட்டத்திலிருந்து ஊருக்குச் செய்தி வந்தது. இனி ஊரிலிருந்து தோட்டத்துக்குச் செய்தி போயிற்று. கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு மூதாட்டி தம் தகரப் பெட்டியைத் திறந்து எனக்குக் கடித உறைகளைக் காட்டினார். கடிதங்கள் பல மக்கிப்போயிருந்தன. உறைகளை மட்டும் ஆண்டு வாரியாக நூலில் கோத்து வைத்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எப்படி ஆண்டுவாரியாக வைத்தீர்கள் என்று கேட்டேன். "வந்த வரிசையிலேயே கோத்தேன் ஐயா" என்றார்.

இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பில் மரண அறிவித்தல் என்று ஒரு பகுதி உண்டு. இறந்தவர் பெயர், ஊர், மக்கள், மருமக்கள், உடன்பிறந்தோர் பெயர், நல்லடக்கம் நடக்கும் நாள், நேரம் என்று நிதானமாகப் படிப்பார்கள். அலைக்கு எல்லைக்கோடு தெரியாதாகையால் தென் தமிழ்நாட்டிலும் அது கேட்டது. தந்தி வந்து சேருமுன்பே சில சாவுகள் இப்படித்தான் தெரியவந்தன. வானொலியில் பேசுகிறவன் வானொலியைப் புகழ்கிறான் என்று எண்ண வேண்டாம். அந்த அறிவித்தல்களில் ஒரு குடும்பத்தின் கிளைகள் முழுவதும் ஒரு நிமிட நேரத்துக்குள் சொல்லப்பட்டுவிடும். 1984இல் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருந்தும் ஏற இயலாமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள் பல்லாயிரவர். போர் நடந்த ஆண்டுகளில் கடிதமும் தடுமாறிற்று. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் அங்கே எஞ்சியிருந்தவர்களுக்கு ஒருவழியாகக் குடியுரிமை அளித்தன. 2003ஆம் ஆண்டுச் சட்டம் பாட்டனாரைக் கேட்கவில்லை. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்கிறவரா, அல்லது அத்தகையவரின் வழித்தோன்றலா என்று மட்டுமே கேட்டது.

இன்று இரு கரைகளிலும் உள்ள இளைஞர் சிலர் தங்கள் உறவைத் தேடுகிறார்கள். கைப்பேசி இருப்பதால் பேசுவது எளிது. யாரோடு பேசுவது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் அரிது. அவர்கள் எங்கிருந்து தொடங்குகிறார்கள் என்பதைக் கவனித்தேன். பெரும்பாலும் குலதெய்வத்திலிருந்து தொடங்குகிறார்கள். ஊர்ப் பெயர் மறந்த குடும்பங்களிலும் சாமியின் பெயர் மறக்கவில்லை. கிராமத்துக் கோயில்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கும் நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கும். மணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. வெளியூர் போனவர்கள் பெயரையும் பங்காளிகள் சில நோட்டுகளில் விடாமல் எழுதி, எதிரே தொகை இன்றி வெறுமையாக விட்டிருக்கிறார்கள். அதற்கு அடுத்தது நிலப் பத்திரம். பாகப்பிரிவினையில் 'கண்டிக்குச் சென்றுவிட்ட' ஒருவருடைய பங்கைக் குறிக்க நேர்ந்தால், அவர் பெயரும் தகப்பனார் பெயரும் அதில் நிற்கும்.

மூன்றாவது, அந்த மூதாட்டி கோத்து வைத்திருந்ததைப் போன்ற உறைகள். கடிதம் மக்கினாலும், உறையின் மேல் அஞ்சல் முத்திரை பெரும்பாலும் தெரியும். முத்திரையில் அஞ்சல் நிலையத்தின் பெயரும் நாளும் இருக்கும். மலைநாட்டில் ஓர் அஞ்சல் நிலையத்துக்கு உட்பட்டவை சில தோட்டங்களே. எந்தத் தோட்டம் என்று தெரிந்துவிட்டால், அங்கே போய், எந்த லயம், எந்தக் கங்காணியின் கூட்டம் என்று வயதானவர்களைக் கேட்கலாம். அந்த மூதாட்டியின் பேத்தி, உறைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, முத்திரைகளைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். பதினேழு உறைகளில் பதினொன்றின் முத்திரை தெளிவாக இருந்தது. பதினொன்றிலும் ஊர்ப் பெயர் ஒன்றே.